உச்சிக்குழி

என் வீட்டுக் குழம்பில் பல வருஷம் முழு மீன் விழுந்ததே கிடையாது. வலையில் முழுசாகத்தான் வரும், கூடையிலும் முழுசாகத்தான் ஏறும். ஏரிக்கரையிலிருந்து வீட்டுக்கு வருகிற வழியில் அந்த இரண்டு பேரின் குடிசை இருந்தது. சேதாரம் அங்கேதான். புருஷன் கல்லுக்கு உளி பிடிக்கிறவர், பெண்டாட்டி துணிக்குச் சித்திரம் எழுதுகிறவள். இருவரில் யார் கண்ணில் கூடை பட்டாலும் கை நீளும். அந்த மீனைக் கொஞ்சம் கொடு நைனா, பார்த்துவிட்டுத் தருகிறேன் என்பார்கள். திருப்பித் தருவார்கள், அதில் பொய்யே கிடையாது. ஆனால் மீனாகத் தருவார்களா என்பது அன்றன்றைய அதிர்ஷ்டம். ஒரு நாள் கண் இருக்காது. இன்னொரு நாள் தோலும் முள்ளும் தனித்தனியாக, வாழை இலையில் வரிசையாக, விருந்துக்கு வந்தவை மாதிரி உட்கார்ந்திருக்கும். என் மனைவி வாங்கிப் பார்த்துவிட்டு ஒரு தடவை கேட்டாள்: "இத்த நீ புடிச்சியா, இல்ல யாராச்சும் துன்னுட்டு மிச்சத்தக் குடுத்தாங்களா?"

நான் அந்தப் பெண்மணியை அக்கா என்று கூப்பிட்டேன். அதனால் அவர் எனக்கு மாமா ஆனார். எங்கள் ஊரான கோட்டைக்குப்பம் இருவரையும் சேர்த்துக் கண்ணாடிக்காரங்க என்று சொல்லும். மாமா மேற்கே மலைப்பக்கத்திலிருந்து வந்தவர், கோபம் வந்தால் தெலுங்கு பேசுவார். அக்கா வடக்கே துணி எழுதும் குடும்பத்துப் பெண். கல்லும் துணியும் எங்கே சந்தித்தன, யார் யாரை இழுத்துக்கொண்டு வந்தது என்பதெல்லாம் ஊருக்குத் தெரியாது. நானாவது கேட்டுச் சொல்லலாம் என்று ஒரு நாள் துணிந்து ஆரம்பித்தேன். அக்கா என் கண் இமையைப் பிடித்துத் திருப்பி உள்ளே பார்த்தாள். "செவப்பு நரம்பு எவ்வளவு அழகா கீது பாருய்யா" என்று அவரைக் கூப்பிட்டாள். அவரும் வந்து பார்த்தார். நான் என் கேள்வியை மறந்துபோய், ஒரு கண்ணை மூட முடியாமல், இறால் மாதிரி நின்றுகொண்டிருந்தேன்.

கண்ணாடி என்பது ஒரு பூதக்கண்ணாடி. பித்தளை வளையம், மரக்கைப்பிடி. கோட்டையில் இருந்த வெள்ளைக்கார வைத்தியர் ஒருவர் தன் தேசத்துக்குத் திரும்பும்போது, அக்கா எழுதிக் கொடுத்த மீன் படங்களுக்குப் பதிலாக அதைக் கொடுத்துவிட்டுப் போனார். அதற்கு முன்னால் அவர்கள் இரண்டு பேரும் ஓரளவு மனுஷர்களாகத்தான் இருந்தார்களாம். அது கைக்கு வந்தபின் உட்கார்ந்து சாப்பிட்டதை யாரும் பார்த்ததில்லை. சோறு பரிமாறினால் பருக்கையைப் பார்ப்பார்கள். உப்பு போட்டால் உப்பைப் பார்ப்பார்கள். உப்புக்குக் கட்டம் கட்டமாக மூலை இருக்கிறது என்று மாமா ஒரு நாள் என்னைப் பிடித்து நிறுத்திக் காட்டினார். எனக்கு மாமாவின் கட்டைவிரல் ரேகைதான் தெரிந்தது. இருந்தாலும் ஆமாம் என்று தலையாட்டினேன். அவர் முகம் சுருங்கிவிட்டது. "பாக்காம ஆமான்னு சொல்லாத நைனா. அது கெட்ட பழக்கம்."

அவர்கள் குணம் அந்த ஒரு பேச்சில் முழுசாக அடங்கிவிடும். பார்க்காததை ஆமாம் என்று சொல்ல மாட்டார்கள். பார்த்ததையும் சுலபத்தில் சொல்ல மாட்டார்கள். ஒருவர் ஏதாவது செய்து முடித்தால் மற்றவர் பக்கத்தில் வந்து நின்று, "இப்டித்தான் இருந்துச்சா?" என்று கேட்பார். அவ்வளவுதான், போயிற்று. இன்னொரு தபா பாக்கலாம் என்று எல்லாம் முதலிலிருந்து ஆரம்பிக்கும். முடிஞ்சுதா என்று அந்த வீட்டில் யாரும் கேட்கக் கூடாது. கேட்டால் மாமா தெலுங்கில் பதில் சொல்வார்.

ஆனால் அந்தக் கைகளை என்ன சொல்ல! அக்கா மடவை மீனின் ஒரே ஒரு செதிலைக் கண்ணாடியில் பார்த்து, அதில் இருந்த வளையங்களை எல்லாம் சாயவேர்ச் சிவப்பில் துணி முழுக்க எழுதினாள். சூரியனுக்குள் சூரியன் வைத்த மாதிரி இருந்தது. துணி வாங்க வந்த மரைக்காயர் விரித்துப் பார்த்துவிட்டு இது என்ன பூ என்று கேட்டார். மடவைச் செதில் என்றாள் அக்கா. மரைக்காயர் தாடியைத் தடவிக்கொண்டு, சீமைக்குப் போகிற துணியாயிற்றே, செதில் என்று சொன்னால் வெள்ளைக்காரச் சீமாட்டிகள் கவுன் தைத்துக்கொள்ள யோசிப்பார்கள், நாம் பூ என்றே சொல்லிவைப்போம் என்றார். அக்கா ஒத்துக்கொள்ளவில்லை. கடைசியில் மரைக்காயர் துணியைத் தூக்கிக்கொண்டு ஓடாத குறையாகப் போனார். எங்கள் ஏரி மீனின் செதிலை எந்தச் சீமாட்டி எந்த விருந்துக்கு உடுத்திக்கொண்டு போனாளோ, அவள் நடந்த இடமெல்லாம் பூனை வந்திருக்கும்.

மாமாவுடைய கொசு இதைவிடப் பெரிய விவகாரம். ஒரு மழைக்காலம் முழுக்க இருவரும் கொசுவைப் பார்த்தார்கள். பிறகு மாமா கல்லில் ஒரு கொசு செய்தார், ஆட்டுக்குட்டி அளவில். ஆறு கால், ஈட்டி மூக்கு, கண்ணில் பொடிப்பொடியாக ஆயிரம் கட்டம். அதைப் பூவரச மரத்தடியில் வைத்துவிட்டு உள்ளே போனார். மறுநாள் காலையில் வந்து பார்த்தால் கொசுவுக்கு மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, மாலை போட்டு, காலடியில் ஒரு சேவலையும் கட்டியிருந்தது ஊர். ஜுரம் பரவியிருந்த சமயம். ஆறு கால் இருக்கிற உக்கிரமான சாமி எது என்று யாருக்கும் தெரியாததால், எதற்கும் இருக்கட்டும் என்று கும்பிட்டுவிட்டார்கள். நானும் விழுந்து கும்பிட்டேன் என்பதை இங்கே மறைப்பானேன்.

மாமா ஒரு ஈர்க்குச்சியை எடுத்துக்கொண்டு கொசுவின் கண்ணிலிருந்து மஞ்சளை நோண்டி எடுக்க உட்கார்ந்தார். கட்டம் கட்டமாகச் செதுக்கி வைத்தேன், எல்லாவற்றையும் அடைத்துவிட்டார்களே என்று அழாத குறை. அக்கா பின்னால் நின்று பார்த்துவிட்டு, நடுக்கால் இன்னும் கொஞ்சம் முன்னே இருக்க வேண்டும் என்றாள். மாமா எழுந்தார், பார்த்தார், சுத்தியலை எடுத்து அந்தக் காலை ஒரே போடாகப் போட்டு உடைத்தார். சாமி காலை உடைத்தவருக்கு என்ன நடக்கும் என்று ஊரே ஒரு வாரம் காத்திருந்தது. ஒன்றும் நடக்கவில்லை. அதுதான் ஊருக்கு இன்னும் பயமாகப் போய்விட்டது.

இனி என் வேஷம். எனக்கும் ஒன்று உண்டு, துபாஷி வேஷம். தலைப்பாகையும் அங்கியுமாக உலாந்தாக்காரத் துரைமாருக்குப் பக்கத்தில் நிற்கிற பெரிய துபாஷிகள் வேறு. டச்சுக்காரரை நாங்கள் அப்படித்தான் சொல்வோம், உலாந்தாக்காரர் என்று. நான் கோட்டைச் சமையலறைக்கு மீனும் நண்டும் போட்டுக்கொண்டிருந்தவன். எங்கள் ஜனத்துக்கு அவர்கள் பாஷையில் ஒட்டிக்கொண்டவை இரண்டே சொல்: துட்டு, கக்கூஸ். ஒன்று வருவதற்கு, ஒன்று போவதற்கு. எனக்கு மட்டும் நடுவில் கொஞ்சம் கூடுதலாகத் தெரியும், அதுவும் அடுப்படி வழியாக. வேகவில்லை, உப்பு போதாது, மூடியை எடு, நாறுகிறது. இவ்வளவை வைத்துக்கொண்டே வாழ்க்கையின் எல்லா விஷயத்தையும் நான் பேசினேன். கோட்டைக் குமாஸ்தா ஒருவர் தன் தாயார் இறந்த சேதியைச் சொன்னபோது, எனக்குத் தெரிந்த சொற்களில் துக்கம் விசாரித்தேன்: "ஆறிப்போய்விட்டதா?" அவர் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதார். அன்று முதல் எனக்கு என் பாஷை ஞானத்தின் மேல் ரொம்ப நம்பிக்கை.

அந்த நம்பிக்கையில்தான் மாமாவையும் அக்காவையும் கூட்டிக்கொண்டு துரையின் முன்னால் போய் நின்றேன்.

கோட்டைத் துரைக்கு ஒரு பெண் குழந்தை இருந்தது. தவழ ஆரம்பித்த பருவம். அக்கா ஒரு சமயம் துரைசானிக்குத் துணி காட்டப் போனபோது, ஆயா அந்தக் குழந்தையை அக்காவின் மடியில் கொஞ்ச நேரம் விட்டிருந்தாள். அது அக்காவின் மூக்குத்தியைப் பிடித்து இழுத்து ரத்தமே வந்துவிட்டது. அக்கா அதைப் பெருமையாக ஊரெல்லாம் காட்டிக்கொண்டு திரிந்தாள். அந்தக் குழந்தை மூன்றே நாள் ஜுரத்தில் போய்விட்டது. துரைக்கு வேறு ஊருக்கு மாற்றல் வந்திருந்தது. கப்பல் வெளியே கடலில் நங்கூரம் போட்டு நின்றது. வாடைக்காற்று திரும்புவதற்குள் கிளம்பியாக வேண்டும். பிறகு அவர்கள் இந்தப் பக்கம் வரப்போவதே இல்லை. குழந்தைக்குக் கல் நட்டு, அதைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் படகில் கால் வைப்பேன் என்று துரைசானி சொல்லிவிட்டாள்.

துரை ஒரு காகிதத்தை மேஜையில் விரித்தார். அவர்கள் தேசத்திலிருந்து வந்த மாதிரிப்படம். மேலே மணல் கடிகாரம், நடுவில் மண்டையோடு, கீழே குறுக்காக இரண்டு எலும்பு. மண்டையோடு வாய் நிறையப் பல்லைக் காட்டிச் சிரித்தது. இதைப் போலவே, இதில் இருக்கிற மாதிரியே என்று துரை விரலால் தட்டித் தட்டிச் சொன்னார். எனக்கு எலும்பு என்ற சொல் தெரியும், சூப்பு வழியாக. கல்லறைக்கு மேல் மூடுகிற கல் என்பதற்கு, மூடி தெரியும். நான் மாமாவிடம் சரியாகத்தான் எடுத்துச் சொன்னேன்.

மாமா படத்தைப் பார்த்தார். அக்காவும் பார்த்தாள். மாமா கேட்டார், "புள்ள தல எப்டி இருந்துச்சுனு கேளு நைனா."

தலை எனக்குத் தெரியும். கோட்டைச் சமையல்காரன் தினமும் மீனுக்குக் கேட்கிற சொல். ஆனால் தலையைப் பற்றி நான் கேட்கப் பழகிய கேள்வி ஒன்றே ஒன்று: பெரியதா, சின்னதா? வாயிலிருந்து அது வந்துவிட்டது. துரை முகம் நண்டு வெந்த நிறத்துக்குப் போயிற்று. ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டிருந்த துரைசானி அப்போதுதான் முதல் தடவையாக எங்களைப் பார்த்தாள். துரை மறுபடி காகிதத்தைத் தட்டினார். நாங்கள் வெளியே வந்தோம்.

கல் ஒன்றுதான் இருந்தது. மேற்கிலிருந்து வண்டியில் வந்த கரிய பலகை, வழுவழுவென்று. இன்னொன்று வர மழைக்காலம் கழிய வேண்டும். மாமா அன்றே கடிகாரத்தைச் செதுக்கினார், குறுக்கு எலும்பையும் செதுக்கினார். நடு இடத்தை மட்டும் அப்படியே விட்டுவிட்டு அதைச் சுற்றிச் சுற்றி நடக்க ஆரம்பித்தார். இவ்வளவு பல் அந்தக் குழந்தைக்கு எங்கே இருந்தது என்பது அவர் கேள்வி. குழந்தையின் மண்டையில் உச்சிக்குழி மூடியே இருக்காதே, படத்தில் பானை கவிழ்த்த மாதிரி இருக்கிறதே என்பது அக்காவின் கேள்வி. உங்கள் ஊர்ச் சாவா, அவர்கள் ஊர்ச் சாவு, அவர்கள் கேட்ட மாதிரி போட்டுவிட்டுப் போங்களேன் என்றேன். இரண்டு பேரும் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையில் நான் கூடையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

அடுத்த நாளிலிருந்து குப்பத்தில் கைக்குழந்தை வைத்திருந்தவர்களுக்கு நிம்மதி போயிற்று. அக்கா வீடு வீடாகப் போய்க் குழந்தைகளின் உச்சந்தலையைத் தொட்டுப் பார்த்தாள். கண்ணாடி வைத்துப் பார்த்தாள், அது துடிக்கிறது என்று மாமாவையும் கூப்பிட்டுக் காட்டினாள். கொசுச் சாமியின் காலை உடைத்தவர் குழந்தை தலையை உற்றுப் பார்த்தால் எந்தத் தாய் பொறுப்பாள்? கதவுகள் மூடிக்கொண்டன. அவர்கள் தெருவில் வந்தாலே குழந்தைகளை முந்தானைக்குள் இழுத்தார்கள்.

திறந்திருந்தது என் வீட்டுக் கதவு ஒன்றுதான். என் மகளும் அப்போது தவழ்கிற குழந்தை. அக்கா ஒரு கிண்ணத்தில் எண்ணெயோடு வந்து, உச்சிக்கு வைத்துவிடுகிறேன் என்றாள். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. பிள்ளை இல்லாத பெண், ஆசையாக இருக்காதா என்று என் மனைவியிடம் ஒரு பிரசங்கமே செய்தேன். அவளும் உருகிப்போனாள். தினமும் சாயங்காலம் அக்கா வந்து, மகளை மடியில் போட்டு, மெதுவாக, ரொம்ப மெதுவாக எண்ணெய் தேய்ப்பாள். தேய்த்த கையோடு எழுந்து வேகமாக ஓடுவாள். எண்ணெய்க் கையைக் கழுவ ஓடுகிறாள் என்று நினைத்தேன். என் புத்தி எப்போதுமே அவ்வளவுதான்.

ஒரு நாள் என் மனைவி, பாவம், அக்காவுக்கு இரண்டு கருவாட்டைக் கொடுத்துவிட்டு வரலாம் என்று மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு கிளம்பினாள். நானும் கூடப் போனேன். குடிசைக்குப் பின்னால் வெயிலில் ஒரு பலகை. அதன்மேல் ஏரிக் களிமண்ணில் செய்த மண்டைகள் வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்தன, மாம்பழ வியாபாரம் மாதிரி. பல் இல்லாத, உச்சியில் குழி விழுந்த, சின்ன மண்டைகள். நான் சிரிக்கப் போனேன். என் மனைவி ஒரு மண்டையையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு இடுப்பில் இருந்த மகளின் தலையைப் பார்த்தாள்.

"இது எம் பொண்ணு தல" என்றாள்.

எல்லாக் குழந்தைத் தலையும் அப்படித்தான் இருக்கும் என்று ஆரம்பித்தேன்.

"வாயை மூடு. எடப்பக்கம் சப்பையா கீது பாரு. வாசப்பக்கமே பாத்துப் படுத்துக்கினு கெடக்குமே, அந்தச் சப்பை. எனக்குத் தெரியாதா?"

குடிசைக்குள்ளிருந்து மாமா ஓடி வந்தார், கையெல்லாம் களிமண். அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் பார்த்ததே இல்லை. "நெசமாவா சொல்ற? பாத்தவொடனே தெரிஞ்சுதா?"

என் மனைவி அவருக்குச் சொன்ன பதிலை அப்படியே இங்கே சொல்ல முடியாது. உயிரோடு இருக்கிற குழந்தையின் தலையை அளந்து செத்த குழந்தையின் கல்லில் வைக்கப் பார்த்தீர்களே, நீங்கள் மனுஷர்தானா என்பது அதன் சாரம். இவ்வளவும் காதில் விழுந்தும் மாமா அசையவில்லை. அவர் சந்தோஷம் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது, வேறு ஒரு காரணத்துக்காக.

"அப்ப இது அந்தப் புள்ள இல்லியே" என்றார்.

ஒவ்வொரு மண்டையாக எடுத்துத் தண்ணீர்த் தொட்டியில் போட்டார். என் மகளின் முகச்சாடையில் இருந்த ஏழெட்டுத் தலைகள் கரைந்து சேறாவதை நாங்கள் குடும்பத்தோடு நின்று பார்த்தோம். அன்று வீட்டில் என் மனைவி மகளுக்கு உப்பும் மிளகாயும் சுற்றிப் போட்டாள். எனக்கும் சேர்த்துச் சுற்றினாள். உனக்குக் கண்ணேறு பட எதுவும் இல்லை, புத்திக்காகச் சுற்றுகிறேன் என்று சொல்லிக்கொண்டே சுற்றினாள்.

காற்று மாறத் தொடங்கியது. கோட்டையிலிருந்து ஆள் வந்து கல்லைப் பார்த்துவிட்டு, நடுவில் வெறுமையாக இருப்பதைப் போய்ச் சொன்னான். மாமா சாப்பிடுவதை நிறுத்திவிட்டார். அக்காதான் என்னிடம் வந்தாள். இனிமேல் அந்தக் குழந்தையின் அம்மா வந்து சொன்னால்தான் உண்டு என்றாள்.

நீதானே மடியில் வைத்துக்கொண்டிருந்தாய், உனக்குத் தெரியாதா என்று கேட்டேன்.

"வெச்சுக்கினுதான் இருந்தேன்" என்று சொல்லிவிட்டு, களிமண் பிசையப் போய்விட்டாள்.

குழந்தை போனதிலிருந்து துரைசானி சோற்றைத் தொடுவதில்லை, ஆனால் காலையில் சமையலறைப் பின்வாசலில் வந்து நிற்பாள் என்று சமையல்காரன் எனக்குச் சொல்லியிருந்தான். மறுநாள் நண்டுக் கூடையோடு நான் முன்னால் போக, ஈரத்துணியில் சுற்றிய களிமண் உருண்டையோடு அக்கா பின்னால் வந்தாள். துரைசானி நின்றுகொண்டிருந்தாள். நான் வாயைத் திறந்தேன். உச்சிக்குழிக்கு அவர்கள் பாஷையில் என்ன சொல்? எந்தச் சமையலிலும் அது வராதே! மாவு என்றேன். பிசைந்த மாவு. தலை. வேகாத தலை. மேலே மென்மை, விரல் அழுத்தினால் உள்ளே போகும். சொல்லச் சொல்ல எனக்கே என்னை ஏரியில் தூக்கிப் போட வேண்டும் போல இருந்தது.

துரைசானி அக்காவின் கையில் இருந்த உருண்டையைப் பார்த்தாள். பிறகு தரையில், நண்டுக் கூடைக்குப் பக்கத்தில், பாவாடையோடு உட்கார்ந்தாள். உருண்டையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு பின்மண்டையை உருட்டினாள். ஒரு காதுக்கு மேலே சின்னதாக ஒரு மேடு வைத்தாள். கட்டைவிரலை உச்சியில் வைத்து அழுத்தினாள். அழவில்லை. அக்கா எதிரே குந்திக்கொண்டு, கண் கொட்டாமல், அந்த விரல்களைப் பார்த்தாள்.

அன்றைய உருண்டையைக் கொண்டுபோய் மாமாவிடம் கொடுத்தோம். உளி விழும் சத்தம் அப்போதுதான் மறுபடி கேட்டது. அடுத்த நாளும் போனோம், அதற்கடுத்த நாளும். துரைசானி ஒவ்வொரு நாளும் ஏதாவது ஒன்றை மாற்றுவாள். நெற்றி இன்னும் உருண்டை. கன்னம் இவ்வளவு இல்லை. மாமாவுக்குக் கொண்டாட்டம்; தன் ஜாதியில் மூன்றாவதாக ஓர் ஆள் கிடைத்த மாதிரி. எனக்குத்தான் திண்டாட்டம். முடிக்கத் தெரியாத இரண்டு பேரை வைத்துக்கொண்டே தடுமாறினேன், இப்போது மூன்று பேர். கல்லில் எடுத்தது எடுத்ததுதான், திரும்ப ஒட்ட முடியாது. மாமா ஒவ்வொரு இடமாக முடித்துக்கொண்டே வந்தார். உச்சிக்குழி மட்டும் பாக்கி. ஏனென்றால் துரைசானி அதை ஒரு நாள் வைத்த இடத்தில் மறுநாள் வைக்கவில்லை. முன்னே தள்ளினாள், பின்னே தள்ளினாள், மூடிவிட்டு மறுபடி அழுத்தினாள். கடைசி நாளில் கட்டைவிரலைத் தூக்கிப் பிடித்தபடி களிமண்ணைத் தொடாமலே உட்கார்ந்திருந்தாள்.

வாடை திரும்பும் நாள் வந்துவிட்டது. கப்பலில் பாய் அவிழ்க்கத் தயாரானார்கள். கல்லை அப்படியே, உச்சி முடியாமலே, கல்லறைத் தோட்டத்துக்குத் தூக்கிக்கொண்டு போய் வைத்தோம். துரையும் துரைசானியும் பிரயாண உடுப்போடு வந்தார்கள். கரையில் படகு காத்திருந்தது.

கல்லில் இருந்தது மண்டையோடா, கண்ணை மூடித் தூங்குகிற குழந்தையா என்று சொல்ல முடியாது. அக்கம்பக்கத்தில் இருந்த கற்களில் எல்லாம் மண்டையோடுகள் பல் இளித்துக்கொண்டிருக்க, இது ஒன்று வாயைப் பொத்திக்கொண்டு படுத்திருந்தது. துரை மாதிரிப்படத்தைப் பிரித்துக் கல்லோடு ஒப்பிட்டார். பல் எங்கே என்றார். நான் மாமாவிடம் சொன்னேன். மாமா அந்தக் குழந்தைக்குப் பல் எங்கே இருந்தது என்று துரையையே கேட்கச் சொன்னார். துபாஷி வேலையில் கெட்டிக்காரத்தனம் சொல்வதில் இல்லை, சொல்லாமல் விடுவதில்தான். விட்டுவிட்டேன். அதற்குள் துரைசானி துரையின் கையிலிருந்து காகிதத்தை மெதுவாக எடுத்து மடித்துத் தன் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

பிறகு கல்லுக்குப் பக்கத்தில் மண்டியிட்டாள். உச்சியில் கட்டைவிரலை வைத்தாள். எடுத்தாள். கொஞ்சம் தள்ளி வைத்தாள். மறுபடி எடுத்தாள். மாமா சின்ன உளியோடு எதிர்ப்பக்கம் குந்தியிருந்தார், அந்த விரல் எங்கே நிற்கும் என்று பார்த்துக்கொண்டு. அது நிற்கவில்லை. காற்று அவள் தொப்பி நாடாவைப் படபடவென்று அடித்தது. கரையிலிருந்து கூப்பிட்டார்கள். அவளுக்கு அந்த இடம் மறந்துபோயிருந்தது. பத்து மாதம் சுமந்து, ராப்பகலாகத் தடவின தலை, விரலை விட்டுப் போயிருந்தது. அது அவளுக்குத் தெரிந்தும்விட்டது. முகத்தைப் பார்க்க முடியவில்லை, நான் கல்லையே பார்த்தேன்.

அவள் அக்காவைப் பார்த்து என்னவோ கேட்டாள். அதில் வேகவைப்பதும் இல்லை, உப்பும் இல்லை. ஆனாலும் எனக்குப் புரிந்தது. அக்காவிடம் சொன்னேன்: "நீ புள்ளய மடியில வெச்சிருந்தியாமே. எங்க இருந்துச்சுனு கேக்குறாங்க. இங்கதானான்னு கேக்குறாங்க."

மாமா தலையைத் தூக்கி அக்காவைப் பார்த்தார். அக்கா போய்த் துரைசானிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவள் கட்டைவிரலைத் தன் கையால் பிடித்து, தயங்காமல், கல்லில் ஓர் இடத்தில் வைத்து அழுத்தினாள்.

"இங்கதாம்மா. இப்டியேதான் இருந்துச்சு."

நான் அதை எடுத்துச் சொல்ல வேண்டிய தேவையே இருக்கவில்லை. மாமா அந்த விரலைச் சுற்றிக் கரியால் ஒரு கோடு போட்டார். விரலை எடுக்கச் சொல்லிவிட்டுக் குழி எடுத்தார், மணலைப் போட்டுத் தேய்த்தார். துரை தன் பைக் கடிகாரத்தைப் பார்த்தார், ஏரியைப் பார்த்தார். குழி வழுவழுப்பானதும் துரைசானி கட்டைவிரலை அதில் வைத்தாள். அப்படியே பொருந்தியது. அவள் விரலை வைத்தபடியே கண்ணை மூடிக்கொண்டாள். அவர்கள் வழக்கமோ என்னவோ, உதடு மட்டும் அசைந்தது. பிறகு எழுந்து, திரும்பிப் பார்க்காமல், படகை நோக்கி நடந்தாள்.

படகு முகத்துவாரத்தைத் தாண்டும்வரை நாங்கள் கரையில் நின்றோம். பிறகு திரும்பி நடந்தோம். குடிசை கண்ணில் படுகிற இடத்துக்கு வந்ததும் மாமா நின்றார்.

"ஏமே, அந்தப் புள்ள உச்சிய நீ எப்ப பாத்த?"

அக்கா நிற்காமல் நடந்துகொண்டே சொன்னாள், "எங்கய்யா பாத்தேன். அன்னிக்கு அதுக்குக் காது வரைக்கும் குல்லா மாட்டில்ல வெச்சிருந்தாங்க."